எட்டாவது மந்திரவாதியின் சம்மதச் சீட்டு

“தாடி இல்லேன்னா அவரு மந்திரவாதி இல்லடா. வெறும் பெருமாள் சார்.”

“தாடி வெச்சாலும் வெறும் பெருமாள் சார்தான். கண்ணாடியைக் கழட்டு, கொஞ்சம் பயம் வரும்.”

“கழட்டினா அவருக்குக் கண்ணு தெரியாதே. அப்புறம் ராஜ்யத்தை எப்படி ஆளுவாரு?”

“இப்ப மட்டும் தெரிஞ்சா ஆளறாரு? நேத்து வயக்காட்டுல எல்லாம் பட்டறை கட்டிட்டு, ஊரே பட்டினி கெடந்துச்சு.”

தாடிக்காக வாதாடியவன் ஜமீர் அகமது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னவன் திம்மப்பன். இருவரும் ஓசூர் தொழிற்பேட்டையில், லாரிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் பயிற்சியாளர்கள். பேசப்பட்ட பெருமாள் அந்தப் பிரிவின் தலைவர். அவர் அப்போது இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

“கண்ணாடி இருக்கட்டும்பா,” என்றார், ஊறுகாயைத் தொட்டபடி. “தாடியை மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்கு. ஒரு மரியாதை வரும்.”

பன்னிரண்டரைச் சங்குக்கும் ஒரு மணிச் சங்குக்கும் நடுவில் கிடைக்கும் அரை மணி நேரத்தில், பிரிவின் இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்று மட்டும் மந்திர உலகமாகிவிடும். பெங்களூரிலிருந்து திம்மப்பன் வாங்கி வந்த குறுந்தகட்டில் இருந்த விளையாட்டு அது. நிலம் பிடிக்க வேண்டும், ஊர் கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும், அண்டை நாட்டோடு பேச வேண்டும், பேச்சு முறிந்தால் சண்டை போட வேண்டும். எட்டு நாடு, எட்டு அரசர்கள். எட்டுப் பேருக்கும் கிரீடம், எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி மூக்கு.

ஜமீருக்கு அரசர்கள் பிடிக்கவில்லை. கிளை நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் இருக்கும் அலமாரியை அவன் இரண்டு முறை முழுக்கப் படித்து முடித்தவன். எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே அந்த ஊர்களின் பனியில் நடந்தவன். மாசி மாதக் காலைகளில் ஓசூர் பேருந்து நிலையத்தில் மூடுபனி இறங்கினால் போதும். மப்ளரைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, குதிரை வண்டிக்குக் காத்திருப்பவன் போல ஒரு முகத்தோடு டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பான். அப்படிப்பட்டவனுக்கு, அரசன் என்பவன் கதையில் தப்பு செய்கிறவன். அந்தத் தப்பை முன்கூட்டியே அறிந்து, சொல்லாமல் மலைமேல் உட்கார்ந்திருப்பவன்தான் மந்திரவாதி. நாட்டை அவனிடம் கொடுத்தால் என்ன?

விளையாட்டைச் செய்த புண்ணியவான்கள் தலைவர்களின் விவரங்களைப் பூட்டிவைக்கவில்லை. நோட்பேடில் திறந்தால் எட்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், இரண்டு குணம், கோபத்துக்கு ஓர் எண். பக்கத்திலேயே எட்டு முகப்படங்கள். வரியை மாற்றினால் ஆள் மாறிவிடுவான்.

ஆனால் ஜமீர் முதலில் வேறு மாதிரிதான் செய்து பார்த்தான். மந்திரவாதியைப் படைவீரன் மாதிரி விளையாட்டின் நிலத்திலேயே நடக்க விட்டான். கையில் கோல், விரலில் தீ. யாரிடமும் கேட்காமல், அடையாள அட்டைப் படத்திலிருந்து பெருமாளின் முகத்தை எடுத்து அதற்கு ஒட்டினான். முதல் நாளே, காட்டோரம் நின்றிருந்த ஒரு திருடன் கம்பால் ஓர் அடி அடித்தான். மந்திரவாதி காலி. அந்த நேரம் பார்த்துப் பெருமாள் பின்னால் வந்து நின்றார். தன் முகம் மண்ணில் கிடப்பதைப் பார்த்தார். இரண்டு நாள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தே தயிர்சாதம் சாப்பிட்டார். மூன்றாம் நாள், “சாகடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா?” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் இரண்டு விஷயங்கள் ஜமீருக்கு விளங்கின. ஒன்று, மந்திரவாதி நடக்கக் கூடாது. தெருவில் நடந்தால் அவனும் அடிபடுகிற ஆள்தான். தலைவன் நிலத்திலேயே இல்லை. ஆனால் அவன் குணம் மட்டும் நாடு முழுக்க இருக்கிறது. அவன் பொறுமைசாலி என்றால் பயிர் விளைகிறது, கோபக்காரன் என்றால் எல்லையில் ஈட்டி முளைக்கிறது. “நம்ம டைரக்டர் மாதிரி சொல்லு,” என்றான் திம்மப்பன். “ஒருத்தனும் பார்த்ததில்ல. ஆனா அவருக்கு வயித்துவலின்னா இங்க ஓவர்டைம் கட்.”

இரண்டாவது விஷயம், முகத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும்.

வரைபடப் பிரிவில் ஒரு கோட்டை அரை மில்லிமீட்டர் நகர்த்துவதானாலும் மாற்றச் சீட்டு எழுத வேண்டும். பழைய அளவு, புதிய அளவு, காரணம், கீழே வரைபடத்துக்கு உரியவரின் கையெழுத்து. கையெழுத்து இல்லாத சீட்டோடு போனால் பெருமாள் பல்சக்கரத்தையே திருப்பி அனுப்புவார். ஜமீர் அந்தப் பழக்கத்தை அப்படியே தன் உலகத்துக்குக் கொண்டுபோனான். பழைய முகம்: அரசன். புதிய முகம்: பெருமாள். காரணம்: மந்திரவாதி வேண்டும். சம்மதம்: பெருமாளே பச்சை மையில் கையெழுத்துப் போட்டார், தேதியோடு.

அதற்குப் பிறகு வரிசை கட்டினார்கள். கேன்டீன் லட்சுமியம்மாள் வந்து கையெழுத்துப் போட்டார். பத்து லிட்டர் சாம்பாரை இருபது லிட்டராக்கும் வித்தை தெரிந்தவர் என்பதால் குணம் ‘மாயம்’, இன்னொன்று ‘வணிகம்’. ஜமீர் வரைந்து வைத்திருந்தது ஒரே தாடி. அதையே எல்லா முகத்திலும் ஒட்டிக்கொண்டே போனவன், லட்சுமியம்மாளுக்கும் ஒட்டிவிட்டான். அவர் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். “தாடியை எடுத்துட்றா கண்ணு. எங்க வூட்டுக்காரருக்கே இவ்ளோ இல்ல,” என்றார். ஸ்டோர் முனிவேல், கேட்டில் நிற்கும் நாராயணப்பன், பாகலூர் வழி கம்பெனி பஸ்ஸை ஓட்டும் லால் பாஷா, திம்மப்பன், கடைசியில் ஜமீர் தானே. தனக்குத் தானே ஒரு சீட்டு எழுதி, தானே கையெழுத்தும் போட்டுக்கொண்டான்.

ஏழு பேர் ஆயிற்று. எட்டு இல்லாவிட்டால் விளையாட்டு திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. அதுவரை காலி இடத்தில் பழைய ராஜாவையே வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“ஒரே ஒரு ராஜாவை விட்டு வெச்சுரு,” என்றான் திம்மப்பன். “ஓரமா இருந்துட்டுப் போறான் பாவம்.”

“முடியாது. எட்டும் மந்திரவாதிதான்.”

“அப்ப கம்ப்ரஸர் ரூம் ஆளைக் கேளு. நல்ல முகம்.”

“அது சரியா வராது.”

“ஏம்ரா சரியா வராது? எந்த முகம் வந்தா சரியா வரும்? சொல்லு, நான் போயி கேக்கறேன். டைம் ஆபீஸ் பக்கமா?”

ஜமீர் தாடிக்கு வெள்ளை பூசுவதில் மும்முரமானான்.

வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் வஜிஹா இருந்தாள். தொழிற்சாலையில் அடையாள அட்டை தயாரிக்கிறவள் அவள். படங்களைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் இயந்திரமும் அவளிடம்தான் இருந்தது. ஏழு மந்திரவாதிகளின் முகங்களும் அவள் கொடுத்த ஃபிளாப்பியில்தான் வந்தன. ஆறு மாதமாக ஜமீர் அவளோடு பேசியதெல்லாம் ஜன்னல் வழியாகத்தான். “மேடம், ஃபிளாப்பி.” “மேடம், இன்னொரு ஃபிளாப்பி.” அவள்தான் கூட இரண்டு வார்த்தை சேர்ப்பாள். “உங்க மந்திரவாதிங்க எல்லாரும் பனியிலயே நிக்கறாங்களாமே? சூளகிரி தாண்டிக் கீழ எறங்கினா வெயில்ல உருகிடுவாங்க, பாத்துக்குங்க.” அன்றைக்கே போய் எல்லா முகத்துக்கும் பின்னாலிருந்த பனிமலையை அழித்துவிட்டுக் கருங்கல் பாறையை வைத்தான். ஏன் மாற்றினாய் என்று கேட்டதற்கு, “பனி கண்ணைக் கூசுது,” என்று திம்மப்பனிடம் சொன்னான்.

எட்டாவது வரியை அவன் எப்போதோ எழுதிவிட்டான். பெயர் இருந்தது, இரண்டு குணம் இருந்தது, கோபத்துக்கு எண்ணும் இருந்தது. முகம்தான் இல்லை. தொழிற்சாலையில் எல்லாருடைய படமும் வஜிஹாவின் கோப்பில் இருந்தது. அவளுடையது மட்டும் அதில் இல்லை.

நாட்கள் ஓடின. பிப்ரவரி இருபத்தெட்டு, சனிக்கிழமை, ஜமீரின் பயிற்சிக் காலம் முடிகிறது. போச்சம்பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை இங்கே புது வரைகலை மென்பொருள் ஏற்ற ஆள் வருகிறார், கம்ப்யூட்டரைத் துடைத்துவிடுவார்கள். எட்டாவது முகம் சனிக்கிழமை மதியத்துக்குள் வராவிட்டால் எட்டு மந்திரவாதிகளும் சேர்ந்து ஒரு நாள்கூட ஆளாமலே போய்விடுவார்கள். மந்திரவாதிகளைப் பற்றி மட்டும்தான் தனக்குக் கவலை என்று ஜமீர் நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி நினைத்தது அந்தத் தொழிற்சாலையில் அவன் ஒருவன்தான்.

அவளுக்கான சீட்டை மூன்று முறை எழுதிக் கிழித்தான். அவன் படித்த நாவல்களில் ஒருவன் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதுவான். அதை எடுத்துக்கொண்டு ஒரு வேலைக்காரி இருட்டில் ஓடுவாள். இவனுக்கு இருந்ததோ நான்கு வரிச் சீட்டு. அதில் ‘காரணம்’ என்ற இடத்திலேயே பேனா நின்றுவிடும். நான்காவது சீட்டில் அந்த இடத்தை வெறுமனே விட்டான். வெள்ளிக்கிழமை மாலை, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டைம் ஆபீஸ் வரை நடந்தான். ஜன்னலைக் கண்டதும் கால் தானாகத் திரும்பிப் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனது. அங்கே லால் பாஷா முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வஜிஹாவின் தாய்மாமா.

“என்னா தம்பி, என் ராஜ்யம் எப்படி இருக்குது?”

“நல்லா இருக்குது பாய். நேத்து ஒரு ஊரைப் புடிச்சீங்க.”

“யாருது?”

“நாராயணப்பன் அண்ணனுது.”

“அதான் காலைல கேட்டைத் தொறக்க லேட் பண்ணான்.” லால் பாஷா துணியைப் பிழிந்தார். “சரி, வந்த விஷயத்தைச் சொல்லு.”

“எட்டாவது முகம் ஒண்ணு வேணும் பாய். வஜிஹா மேடம் போட்டோ இருந்தா... நீங்க ஒரு கையெழுத்து...”

துணி நின்றுவிட்டது. லால் பாஷா அவனைத் தலையிலிருந்து கால்வரை, புது வண்டியை எடுத்து ஓட்டப்போகிறவர் மாதிரி பார்த்தார்.

“சொந்த ஊரு கிருஷ்ணகிரிதானே?”

“ஆமா பாய்.”

“அத்தா?”

“மாங்கா மண்டியில இருக்காரு.”

“கூடப் பொறந்தது?”

“ஒரு தங்கச்சி. பாய், இது அந்த விளையாட்டுக்கு. மந்திரவாதி. எட்டு இல்லேன்னா தொறக்காது.”

“வெளையாட்டுக்குத்தான், வெளையாட்டுக்குத்தான்,” என்றார் லால் பாஷா, மிகுந்த கருணையோடு. “போச்சம்பள்ளியில குவார்ட்டர்ஸ் குடுக்கறாங்களா?”

ஜமீருக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் போட்டோவை அவளுடைய மாமாவிடம் போய்க் கேட்பது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். அவன் அம்மாவே நான்கு வீட்டுக்கு அப்படிப் போய் வாங்கி வந்திருக்கிறாள், சொந்தக்காரப் பையன்களுக்காக. ஆனால் அவன் மனம் அப்போது ஒரு மந்திரவாதியின் மலையுச்சியில் இருந்தது. லால் பாஷா சீட்டை ஸ்டீயரிங் மேல் வைத்து, சம்மதம் என்ற இடத்தில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். “காயிதம் சரியா இருக்கட்டும். போட்டோவை அக்காகிட்ட கேட்டு நான் ஏற்பாடு பண்றேன்,” என்றார். ஜமீர் அந்தச் சீட்டை டைம் ஆபீஸின் உள்வரும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, பெரிய வேலையை முடித்தவன் போல டவுன் பஸ் ஏறினான்.

சனிக்கிழமை மதியம் சங்கு ஊதிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வரைபடப் பிரிவின் வாசலில் வஜிஹா நின்றாள். ஜன்னல் இல்லாமல் அவளை முழு உருவமாகப் பார்ப்பது ஜமீருக்குப் புதிதாக இருந்தது. அவள் கையில் அந்தச் சீட்டு. அதன் குறுக்கே சிவப்பில் ஒரு முத்திரை, தப்பான விடுமுறைக் கடிதங்களில் அவள் குத்துவது: திருப்பி அனுப்பப்படுகிறது.

பெருமாள் தயிர்சாத டப்பாவை மூடினார். “திம்மப்பா, அந்த ஏழாம் நம்பர் பிரின்ட் வெளிய காயுதில்ல? வா, பாத்துட்டு வரலாம்.”

“எந்த பிரின்ட் சார்? ஒண்ணும் காயலையே.”

“வாடான்னா.”

திம்மப்பன் போகும்போது கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுப் போனான். வெளியே ஜன்னலோரம் இரண்டு நிழல்கள் அதற்கு மேல் நகரவில்லை.

“நேத்து சாயந்திரம் வீட்டுக்குப் போறேன்,” என்றாள் வஜிஹா. “அம்மா கேசரி கிண்டிகிட்டிருக்காங்க. பஸ் எடுக்கறதுக்கு முன்னாடியே மாமா பக்கத்து வீட்டு ரங்கம்மா அக்காவுக்குப் போன் பண்ணிட்டாராம், அவங்களும் வந்து உக்காந்திருக்காங்க. ‘பையன் கிருஷ்ணகிரியாமே, மாங்கா மண்டியாமே’ன்னு கேக்கறாங்க. எந்தப் பையன்னு நான் கேட்டா, ‘மந்திரவாதி’ங்கறாரு எங்க மாமா.”

ஜமீரின் காது முதலில் சிவந்தது, பிறகு முகம்.

“நான் விளையாட்டுக்குன்னுதான் மேடம் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்.”

“அம்மா ராத்திரியே பெட்டியைத் தொறந்து பச்சைப் பட்டை எடுத்து வெச்சுட்டாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது நான்?”

“தப்புதான் மேடம்.”

“எது தப்பு? அதைச் சொல்லுங்க முதல்ல.”

அவன் யோசித்தான். நாவலில் வரும் ஆட்கள் இந்த இடத்தில் ஜன்னலருகே போய் நின்று பேசுவார்கள். இங்கே ஜன்னலுக்கு வெளியே திம்மப்பன் இருந்தான்.

வஜிஹா சீட்டை மேசைமேல் விரித்து, ஆள்காட்டி விரலால் தட்டினாள். “முகம் யாருது?”

“உங்களுது.”

“கையெழுத்து யாருது?”

“லால் பாஷா பாயுது.”

“பெருமாள் சார் முகத்துக்குப் பெருமாள் சார் கையெழுத்து. லட்சுமியம்மா முகத்துக்கு லட்சுமியம்மா. கேட் நாராயணப்பனைக்கூட வெயில்ல நின்னு கேட்டீங்களாம். எனக்கு மட்டும் மாமாவா? காரணம்னு ஒரு எடம் இருக்குது, அதையும் காலியா விட்டு அனுப்பியிருக்கீங்க. இந்த மாதிரி சீட்டு என் டேபிளுக்கு வந்தா நான் என்ன பண்ணுவேன்?”

“திருப்பி அனுப்புவீங்க.”

“அதான் அனுப்பிட்டேன்.”

அவள் போய்விடுவாள் என்று நினைத்தான். போகவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து பார்த்தாள். நோட்பேடில் எட்டு வரிகள் திறந்திருந்தன. மறைக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

“இதுதான் நானா?” எட்டாவது வரியை விரலால் தொட்டாள். “அறிவு. பொறுமை. கோபம் சைபர்.” சிரிப்பை அடக்குகிறாள் என்பது தோளில் தெரிந்தது. “பொறுமையா? எனக்கா? உங்களுக்கு யாரு சொன்னது?”

“நானா நெனச்சேன்.”

“எங்க மாமாகிட்ட கேட்டிருந்தா இதையாவது சரியாச் சொல்லியிருப்பாரு. கோபத்தை ஒண்ணுன்னு மாத்துங்க.”

மாற்றினான்.

“பொறுமையை எடுங்க. என்னென்ன குணம் இருக்குது?”

“மாயம், வணிகம், போர், கட்டடம், பயணம்.”

“பயணம் போடுங்க. பாகலூர்லேர்ந்து தெனம் வரேன் போறேன், அதுவாவது கணக்குல வரட்டும். தாடி?”

“உங்களுக்குத் தாடி இல்ல மேடம்.”

“ரொம்ப நன்றி.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ மூக்கால் சிரித்தது கேட்டது. “ஷ்,” என்றது பெருமாளின் குரல்.

வஜிஹா நிமிர்ந்தாள். தோள்பையைத் திறந்து அதற்குள் எதையோ பார்த்தாள், ஆனால் வெளியே எடுக்கவில்லை. “அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனப்ப ஸ்டூடியோவுல நாலு காப்பி குடுத்தாங்க. ஒண்ணை அப்படியே அட்டையில ஒட்டிட்டேன், கம்ப்யூட்டர்ல ஏத்தல. ஒண்ணை அம்மா கண்ணாடி போட்டு மாட்டிட்டாங்க. மீதி இங்கதான் இருக்குது.” பையின் வாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். “மாமா கேட்டாரு, குடுக்கல. அம்மா கேட்டாங்க, குடுக்கல. கேக்க வேண்டியவங்க கேக்கட்டும்னு வெச்சிருக்கேன். ஒரு மணிக்குச் சங்கு. அப்புறம் எனக்கு ஷிப்ட் கார்டு அடுக்கணும்.”

ஜமீர் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து நிமிடம் இருந்தது. திரையில் ஏழு மந்திரவாதிகள், தாடியோடும் தாடியில்லாமலும், கருங்கல் பாறைகளுக்கு முன்னால் வரிசையாக இருந்தார்கள். எட்டாவது கட்டம் கறுப்பாக இருந்தது. எட்டுப் பக்கக் கடிதங்களிலிருந்து ஒரு வாக்கியமாவது நினைவுக்கு வராதா என்று தேடினான். அவற்றில் எதுவுமே ஓசூருக்குச் சரிப்படவில்லை.

மேசையிலிருந்து ஒரு புதிய சீட்டை எடுத்தான். பழைய முகம், புதிய முகம் இரண்டையும் எழுதினான். ‘காரணம்’ வந்ததும் வழக்கம்போலப் பேனா நின்றது. இந்த முறை சீட்டைக் கிழிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றான். அவளோடு பேசும்போது அவன் எப்போதும் சேர்க்கிற ‘மேடம்’ தொண்டை வரை வந்து, அங்கேயே தங்கிவிட்டது.

“வஜிஹா,” என்றான். “ஒரு போட்டோ இந்த விளையாட்டுக்கு வேணும். அது திங்கக்கிழமை அழிஞ்சுரும். அதனால இன்னொண்ணு... கிருஷ்ணகிரிக்கு, எங்க அம்மா பாக்கறதுக்கு. மாமாகிட்ட கேக்கல, உங்களைத்தான் கேக்கறேன். அந்த ரெண்டு காப்பியும் எனக்குத் தருவீங்களா?”